நூற்று நாற்பத்தொரு பேரும் நாங்கள் ஏழு பேரும்

1

இந்தக் கிழமை எங்கள் கடிதப் பெட்டியில் அரசாங்க உறை ஒன்று கிடந்தது. குடிசன மதிப்பீடு. கனடாவில் ஐந்து வருடத்துக்கொரு தடவை எல்லா வீட்டுக்கும் வரும். பெரிய கேள்விகள் ஒன்றும் இல்லை. மே மாதம் பத்தாம் திகதியன்று இந்த வீட்டில் எத்தனை பேர் குடியிருந்தீர்கள், பெயர் என்ன, பிறந்த திகதி என்ன, வீட்டில் என்ன பாஷை பேசுகிறீர்கள், அவ்வளவுதான். பத்து நிமிட வேலை. நான் மூன்று நாளாக அதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் மனைவி மலருக்குப் பொறுமை போய்விட்டது. மூன்று பேர் என்று எழுதி அனுப்புவதற்கு மூன்று நாள் வேண்டுமா என்று நேற்று சமையலறைக்குள்ளிருந்து கேட்டாள். கேட்டது நியாயம்தான். மேல் வீட்டில் நான், அவள், மகள் அபி. மூன்று பேர். ஆனால் கீழே பேஸ்மென்ற்றில் கிருபாவும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வாடகைக்கு இருக்கிறார்கள். அவர்களையும் சேர்த்தால் ஏழு. இந்த மூன்றுக்கும் ஏழுக்கும் நடுவில்தான் நான் மாட்டுப்பட்டுப் போய் நிற்கிறேன்.

இலங்கையில் யுத்தம் முடிந்து இந்த மாதத்தோடு இரண்டு வருடம். அந்த நினைவும் இந்த உறையும் ஒரே கிழமையில் வந்து சேர்ந்ததால்தான் உங்களுக்கு இதை எழுத உட்கார்ந்தேன். இல்லாவிட்டால் எனக்கும் எழுத்துக்கும் என்ன சம்பந்தம்? நான் மார்க்கம் நகரத்தில் ஒரு களஞ்சியத்தில் கார் உதிரிப்பாகம் எண்ணுகிறவன். கையில் ஸ்கானரோடு தட்டுத் தட்டாகப் போய் எண்ணி, கொம்பியூட்டர் சொல்லும் எண்ணிக்கையும் தட்டில் உள்ள எண்ணிக்கையும் ஒன்றா என்று பார்ப்பது என் வேலை. ஒரு பிரேக் பாட் குறைந்தாலும் மூன்று பேர் ஓடி வருவார்கள்.

2

நாங்கள் இருக்கும் மில்லிக்கன் பகுதியில் ஒரு வீட்டு வாசலைப் பார்த்து உள்ளே எத்தனை குடும்பம் என்று சொல்ல முடியாது. முன்னுக்கு ஒரு கதவு, பக்கத்தில் ஒரு கதவு. பக்கக் கதவால் இறங்கினால் பேஸ்மென்ற். ஒரு வீட்டில் இரண்டாவது அடுப்பு வைத்து வாடகைக்கு விட நகரசபை அனுமதி வேண்டும், அங்கே அது வாங்காத அடுப்பு ஒன்று எரியும். வீட்டுக்காரருக்கும் தெரியும், குடியிருப்பவருக்கும் தெரியும், பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

போன தடவை, இரண்டாயிரத்து ஆறில், நான் படிவத்தை அனுப்பாமல் இழுத்தடித்தேன். அதனால் ஆளே வீட்டுக்கு வந்துவிட்டது. கழுத்தில் அடையாள அட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும், நல்ல சிரித்த முகம். இந்த வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டா. மூன்று என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, கீழே கிருபாவின் கைக்குழந்தை வீறிட்டு அழத் தொடங்கியது. அது ரீவி, தொலைக்காட்சிச் சத்தம் என்றேன். அந்த அம்மா குனிந்து வாசலில் கிடந்த சப்பாத்துகளைப் பார்த்தா. கிருபாவின் வேலைச் சப்பாத்து, என்னுடையதைவிட இரண்டு அளவு பெரியது, முன்னாலேயே மல்லாந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு சாண்கூட நீளமில்லாத குழந்தைச் சப்பாத்து. மூன்று என்று எழுதிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டா.

அந்தக் கதையை நான் எத்தனை பிறந்தநாள் விழாக்களில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். பிறகு அவரவர் தங்கள் கதையை எடுத்துவிடுவார்கள். யூனியன்வில்லில் இருக்கும் ஒருவர் தன் மாமனாரை வீட்டுக்குக் குழாய் திருத்த வந்த ஆள் என்று சொன்னவர்.

இதைக் கெட்ட புத்தி என்று நினைக்காதீர்கள். பழக்கம். எண்ண வருகிறவனைக் கண்டால் எங்கள் வாய் தானாகப் பொய் சொல்லும். வன்னியில் நாங்கள் ஒரு வீட்டுக்கு மூன்று கணக்கு வைத்திருந்தோம். நிவாரணத்துக்குப் பதிய வந்தால் தலை கூடும். வெளிநாடு போனவர்களும் போய்ச் சேர்ந்தவர்களும் மாவும் சீனியும் வாங்கித் தின்பார்கள். இயக்கம் வீட்டுக்கொரு பிள்ளை கேட்டு வந்தால் தலை குறையும். வளர்ந்த பிள்ளைகள் எல்லாரும் எப்போதும் மாமி வீட்டில் நிற்பார்கள். ஆமிக்குக் கொடுப்பதற்கு மூன்றாவது ஒரு கணக்கு, அதில் பொடியன்களின் வயது வசதிக்கேற்ப ஏறி இறங்கும். எந்தக் கணக்கை யாருக்குச் சொல்வது என்று பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும்.

3

இந்த மூன்று கணக்கும் எடுபடாத ஒரே ஆள் என் அண்ணன்.

பெயர் தில்லையம்பலம். முல்லைத்தீவு மாவட்டத்தில் எங்கள் ஊருக்கும் சுற்றியிருந்த நாலு சிற்றூருக்கும் அவர்தான் கிராம சேவையாளர். சனம் பழைய வழக்கப்படி விதானை என்றுதான் சொல்லும். காடும் குளமும் போக மிஞ்சிய இடத்தில் கூப்பிடு தூரத்துக்கொரு வீடு. ஒரு குடும்பத்தைப் பதிய ஒரு மணித்தியாலம் சைக்கிள் மிதிக்க வேண்டும். அவர் மிதிப்பார். பதிவேட்டை உரப்பையில் சுற்றிக் கரியரில் கட்டிக்கொண்டு போவார். போய், எத்தனை பேர் என்று கேட்க மாட்டார். கொடியில் காயும் உடுப்பைப் பார்ப்பார், வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்ப்பார், பிறகு தானே ஒரு எண்ணிக்கை சொல்லுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும். தில்லை விதானை உள்ளே வந்தால் அடுப்படியில் படுத்திருக்கும் பூனையையும் எண்ணிப்போடும் என்று ஊரில் பகிடி.

திட்டாத ஆள் இல்லை. ஆனால் காணிப் பிரச்சினை, பிறப்புச் சாட்சிப் பத்திரம், விதவைக்கு வரவேண்டிய உதவி என்று எது வந்தாலும் அந்தப் பதிவேட்டில் ஒரு பெயர் இருந்தால் மாவட்ட அலுவலகமான கச்சேரியில் மறுகேள்வி இல்லை. தில்லையம்பலம் எழுதியிருந்தால் ஆள் இருக்கிறது. அவர் வெட்டியிருந்தால் ஆள் இல்லை.

என்னை வெட்டினார். நான் கொழும்புக்கு வெளிக்கிட்ட அடுத்த நாளே எங்கள் வீட்டுக் குடும்ப அட்டையில் என் பெயருக்கு மேல் சிவப்புக் கோடு போட்டுவிட்டார். என் பங்கு மாவும் சீனியும் இன்னும் கொஞ்சக் காலத்துக்கு வரட்டுமே என்று அம்மா கெஞ்சினாவாம். அண்ணன் அசையவில்லை. கனடாவுக்கு வந்து முதற் பனிக்குள் நின்றபோது அம்மாவின் கடிதம் வந்தது. "உன்ர பேரைக் கொண்ணன் வெட்டிப்போட்டான்" என்று எழுதியிருந்தா. இரண்டு கிலோ சீனிக்காக எழுதின வரி அது, எனக்கு விளங்கியது. ஆனாலும் அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்ப வாசித்தேன். இங்கே இன்னும் என்னை ஏற்கவில்லை, அகதி வழக்கு நிலுவையில் கிடக்கிறது, அங்கே கூடப்பிறந்தவனே வெட்டிவிட்டான். அப்படியானால் நான் எந்த நாட்டில் இருக்கிறேன்?

அந்தக் கோபத்தைப் பதினைந்து வருடம் பத்திரமாக வைத்திருந்தேன். அம்மா போய்ச் சேர்ந்தபோதுகூட ரெலிபோனில் நாலு வார்த்தைதான் கதைத்தோம். அண்ணன் கலியாணம் முடிக்கவில்லை. அம்மாவுக்குப் பிறகு தனி ஆள். இரண்டாயிரத்து ஒன்பது தை மாதத்தில் கடைசியாக ஒரு தடவை போன் எடுத்தார். சனத்தோடு சேர்ந்து கிழக்கே போவதாகவும் பதிவேடு தன்னிடம் இருப்பதாகவும் சொன்னார். உயிரைப் பாருங்கோ, பதிவேட்டை விடுங்கோ என்று நான் எரிந்து விழுந்தேன். லைன் அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு சத்தமில்லை.

4

அந்த வருடம் சித்திரை மாதம் அபி பள்ளிக்கூடத்திலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. வகுப்பில் ஆளுக்கொரு மாகாணத்தைக் கொடுத்து, அதன் சனத்தொகையைப் பற்றிப் பெரிய மட்டையில் செய்துகொண்டு வரச் சொல்லியிருந்தார்களாம். சிநேகிதிக்கு எங்கள் மாகாணமான ஒன்ராறியோ கிடைத்தது. இவளுக்கு நுனாவுட். வட துருவத்துக்குக் கிட்ட இருக்கிற பிரதேசம், பிரிந்து தனியாகி அந்த மாதத்தோடு பத்து வருடம். "அங்க ஆருமே இல்லை அப்பா. வட் ஆம் ஐ சப்போஸ்ட் ரு ரைற்?" என்று கேட்டு, எதை எழுதுவதென்று தெரியாமல் மட்டையைச் சுவரில் சாத்தினாள்.

நானும் அவளோடு உட்கார்ந்தேன். பிள்ளைக்கு உதவி செய்யும் நல்ல தகப்பன் என்று நினைக்க வேண்டாம். ரீவிக்கு முன்னால் இருக்கப் பயமாக இருந்தது. எந்தச் சானலைத் திருப்பினாலும் வன்னி. வேறு எதையாவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் போல இருந்தது.

பார்க்கப் பார்க்க எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கனடாவின் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு அந்தப் பிரதேசம். இலங்கையை முப்பது தடவை உள்ளே போட்டாலும் இடம் மிஞ்சும். சனமோ முப்பதாயிரத்துக்கும் கொஞ்சம் குறைவு. எங்கள் மில்லிக்கனையும் யூனியன்வில்லையும் சேர்த்தால் அதைவிடக் கூட வரும். இருபத்தைந்து ஊர்கள், ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக றோட்டு இல்லை, விமானம்தான். அதைவிட எனக்குப் பிடித்தது வயதுக் கணக்கு. கனடா முழுக்கக் கிழடு தட்டிக்கொண்டு போகிறது, அங்கே மட்டும் மூன்றில் ஒருவர் பதினைந்து வயதுக்குக் கீழே. அவ்வளவு குளிருக்குள் அவ்வளவு பிள்ளைகள்.

எண்ணுகிற விதத்தைப் படித்தபோதுதான் நான் கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். மற்ற மாகாணங்களில் குடிசன மதிப்பீடு மே மாதம். நுனாவுட்டில் மாசி பங்குனியிலேயே ஆள் போய்விடுமாம். பனி உருகினால் சனம் வேட்டைக்கும் மீனுக்கும் வெளிக்கிட்டுவிடும், அதற்கு முன் வீட்டில் வைத்துப் பிடிக்க வேண்டும். சின்ன விமானத்தில் போய் இறங்கி, பனியில் ஓடும் வண்டியில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுகிறார்கள். எல்லாவற்றுக்கும் வடக்கே ஒரு தீவின் கரையில் ஒரு ஊர். அந்த ஊரின் சனத்தொகை நூற்று நாற்பத்தொன்று என்று போட்டிருந்தது. சுமார் நூற்று நாற்பது என்று போட்டிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? போடவில்லை. அந்த ஒற்றை ஆளையும் விடவில்லை. என் அண்ணனை இங்கே எடுத்திருந்தால் அந்த வேலைக்குத்தான் அனுப்பியிருப்பார்கள், சைக்கிளோடு பனிக்குள் இறங்கியிருப்பார் என்று நினைத்தேன். எவ்வளவோ நாளுக்குப் பிறகு அவரைக் கோபமில்லாமல் நினைத்தது அன்றைக்குத்தான்.

எல்லாம் நல்லதென்று சொல்ல வரவில்லை. ஒரு காலத்தில் இதே அரசாங்கம் அந்தச் சனத்தின் பெயர்களைச் சொல்லச் சோம்பிப் பஞ்சிப்பட்டு, ஆளுக்கொரு இலக்கம் பொறித்த வட்டத் தகடு கொடுத்திருக்கிறது. கழுத்தில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். பிறகுதான் இலக்கம் போய் முறையான பெயர் பதிந்தது. அபிக்கு அது பெரிய கோபம். அதையும் மட்டையில் ஒரு மூலையில் எழுதினாள். பிழையையும் மறைக்காமல் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார்களே என்று எனக்கு அதுவும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தச் சின்ன ஊரின் ஆட்கள் எல்லாரையும் முகம் முகமாக மட்டையில் படம் கீறப்போவதாக அபி சொன்னாள். இரண்டு நாள் கீறினாள். கீறி முடித்ததும் தொழில் புத்தியில் நான் எண்ணிப் பார்த்தேன். நூற்று நாற்பது.

"ஒண்டு குறையுது பிள்ளை."

"ஸோ வட், அப்பா? ஹூ இஸ் கோயிங் ரு கவுண்ட்?"

"நான் எண்ணினன்தானே. கீறு."

முணுமுணுத்துக்கொண்டு ஓரத்தில் தொப்பி போட்ட ஒரு சின்னப் பிள்ளையைக் கீறினாள்.

5

அந்தப் பங்குனி சித்திரையில் ரொறன்ரோ நகரத்தின் நடுவில் எங்கள் சனம் யுத்தத்தை நிறுத்தச் சொல்லி நாள் முழுக்க றோட்டோரத்தில் நின்றது. வேலை முடிய நானும் போய் நிற்பேன். பெண்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கைகோத்து நிற்பார்கள். மழையும் பெய்யும், பனியும் கொட்டும். வந்திருந்தவர்கள் எத்தனை பேர் என்பதில்கூடப் பொலிஸ் ஒன்று சொல்லும், எங்கள் வானொலி ஒன்று சொல்லும். வன்னிக்குள்ளே அகப்பட்டிருந்த சனத்தின் கணக்கும் அப்படித்தான். கொழும்பில் ஒரு தொகை சொன்னார்கள், அங்கேயே நின்ற அதிகாரிகள் வேறொரு தொகை சொன்னார்கள். இரண்டுக்கும் இடையிலே இருந்த வித்தியாசம் ஒரு பட்டணத்துச் சனம்.

எனக்கு அந்த வித்தியாசத்துக்குள் ஒரே ஒரு ஆள்தான். அவர் எந்தக் கணக்குக்குள் நிற்கிறார், எந்தக் கணக்குக்கு வெளியே விழுந்துவிட்டார் என்று தெரியாமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பெரியப்பாவின் இடமும் நுனாவுட் மாதிரித்தான், நிலம் கனக்க, சனம் குறைய என்று நான் அபிக்குச் சொல்லியிருந்தேன். அவள் சும்மா இருப்பாளா? இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு வந்து, ஒவ்வொருவரும் ஒவ்வொரு இலக்கம் சொல்கிறார்களே, எது சரி என்று கேட்டாள். எனக்கும் தெரியாது என்றேன். எண்ணுவது அங்கே லேசான காரியமில்லை என்று விளக்க நினைத்து, வன்னியின் மூன்று கணக்கையும் சொன்னேன். சொன்ன வேகத்தில் வெள்ளைக்கார அம்மாவையும் ரீவிக் கதையையும் எடுத்துவிட்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

அபி சிரிக்கவில்லை. மட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பேப்பரில கீறின ஆளில ஒண்டு குறைய விடேல்ல நீங்க. பட் கிருபா அங்கிளை, அன்ரியை, பேபியை, யூ ஜஸ்ற் டிலீற்றட் தெம்."

அது அப்படி இல்லை, அடுப்புப் பிரச்சினை, நகரசபைப் பிரச்சினை என்று இழுத்தேன்.

"பெரியப்பாவையும் ஆரும் இப்பிடி ரீவி எண்டு சொன்னா?"

எழும்பிப் போய்க் கராஜுக்குள் நின்றேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, தமிழை உடைத்து உடைத்துப் பேசுகிற பிள்ளை, என் நெஞ்சில் நேராக அடித்துவிட்டது. அவள் சொன்னதில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை.

6

மே மாத நடுவில் எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள். அன்றைக்கு நான் வேலைக்குப் போனேன். போகாமல் வீட்டில் இருந்து என்ன செய்வது? எண்ணெய் வடிகட்டி இருந்த ஒரே பெட்டியை நாலு தடவை எண்ணினேன், நாலு எண்ணிக்கை வந்தது. என் மேற்பார்வையாளர் கயானாக்காரர், ஒரு இலக்கம் பிழைத்தால் குதிக்கிற மனிதர். அன்றைக்கு ஸ்கானரை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டு, போய் இருந்து ஒரு ரீ குடி என்று சொன்னார்.

காணாமற்போனவர்களைத் தேடிக் கொடுக்கும் ஒரு அமைப்பின் இலக்கம் கிடைத்தது. எடுத்தேன். ஒரு பெண் கதைத்தா. அண்ணனின் விலாசம் கேட்டா. எந்த விலாசம் என்றேன். ஊர் விலாசம் ஒன்று, இடம்பெயர்ந்த விலாசம் மூன்று, கடைசியாக எங்கே நின்றார் என்று தெரியாது. படிவத்தில் விலாசத்துக்கு இரண்டு வரிதான் இருக்கிறது, பரவாயில்லை, எல்லாவற்றையும் சொல்லுங்கள், பின்பக்கத்தில் எழுதுகிறேன் என்றா. பெயரை ஆங்கிலத்தில் எழுத்தெழுத்தாகக் கேட்டா. பதினாலு எழுத்து. என் இங்கிலிஷ் உச்சரிப்பில் அது லேசில் முடிகிற வேலை இல்லை. அவ சலிக்கவில்லை. முழுவதும் எழுதிவிட்டுத் திரும்ப எனக்கு வாசித்துக் காட்டினா. ஒரு எழுத்தும் பிழைக்கவில்லை. யாரென்றே தெரியாத ஒருத்தி என் அண்ணனின் பெயரை அவ்வளவு கவனமாக எழுதியது எனக்கு அன்று பெரிய ஆறுதல்.

பிறகு, அவருடைய வீட்டில் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டா.

ஒருவர் என்றேன். ஒருவரென்றாலும் தேடுவோம் என்றா.

அதற்குப் பிறகு முகாம்களிலிருந்து பெயர்ப் பட்டியல்கள் வரத் தொடங்கின. யாரோ யாருக்கோ அனுப்ப, அவர்கள் எங்களுக்கு அனுப்புவார்கள். விடிய எழும்பி வேலைக்குப் போகுமுன் நானும் மலரும் ஆளுக்கொரு பக்கமாகப் பார்ப்போம். என் வேலை கைகொடுத்தது. விரலை வைத்து ஒவ்வொரு வரியாக, ஒன்றும் தவறாமல் பார்க்க எனக்குத் தெரியும். எத்தனையோ தில்லையம்பலங்கள் இருந்தார்கள். வயது சரியாக இருந்தால் ஊர் பிழையாக இருக்கும். ஊர் சரியாக இருந்தால் பெண்சாதி பிள்ளை இருக்கும்.

7

ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை. மலர் தோசைக்கு மாக் கரைத்துக்கொண்டு நின்றாள். ரெலிபோன் அடித்தது. தெரியாத இலக்கம்.

"தம்பி, நான் அண்ணன் கதைக்கிறன்."

ரிசீவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் இருந்துவிட்டேன். அவர் என் பேச்சுக்குக் காத்திருக்கவும் இல்லை. செட்டிகுளத்து முகாமில் நிற்கிறாராம், காலில் சின்னக் காயமாம், இரவல் போனாம். சுகம் விசாரித்ததெல்லாம் அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. பிறகு விதானை வேலையில் கதைக்கிற அதே கந்தோர்க் குரல். நீரேரியைக் கடக்கும்போது பதிவேடு தண்ணீரோடு போய்விட்டதாம். இப்போது ஒரு கொப்பி எடுத்து, குளக்கட்டுப் பக்கமிருந்து சைக்கிளில் போகிற ஒழுங்கிலேயே வீடு வீடாக ஞாபகத்தில் எழுதிக்கொண்டு வருகிறாராம். சனம் கூடாரத்தடிக்கு வந்து, விதானையார், நான் இருக்கிறன், என்னை எழுதுங்கோ என்று சொல்கிறதாம். இல்லாத ஆட்களையும் அவர்களே சொல்கிறார்களாம். இல்லாதவர்களைத் தனிப் பக்கத்தில் பெயரோடு எழுதுகிறாராம்.

"சந்திக் கடைக்காரற்ற ரெண்டாவது பெட்டையின்ர பேர் எனக்கு வருகுதில்லை. உன்னோடதானே படிச்சவள்?"

"தர்மாவதி" என்றேன். என் வாயிலிருந்து வந்த முதற் சொல் அதுதான்.

"ஓம், தர்மாவதி" என்று எழுதுகிற சத்தம் கேட்டது. அவள் எந்தப் பக்கத்தில் எழுதப்படுகிறாள் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

பிறகு ஏன் கேட்டேன் என்று தெரியாது, பதினைந்து வருடக் கோபம்தான் கேட்க வைத்திருக்கும்.

"எங்கட வீட்டை என்னெண்டு எழுதினனீங்கள், அண்ணை?"

"ரெண்டு பேர்."

"மற்றது ஆர்?"

கொப்பியைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"நீதான். முதல்ல ஒரு ஆளெண்டுதான் எழுதினன். எழுதிப்போட்டுப் பாத்தன். பிறகு உன்ர பேரையும் எழுதிப்போட்டன். பிழைதான், தெரியும். மற்ற ஆக்கள் போனுக்குப் பாத்துக்கொண்டு நிக்கினம், வைக்கிறன்."

வைத்துவிட்டார். மாக் கையோடு மலர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன். தன் தாய்க்கு இரண்டு கிலோ சீனி கூட வரவேண்டுமென்பதற்காகப் பொய் எழுதாத மனிதன், எல்லாம் போய் வெறுங்கையோடு நிற்கும்போது எழுதிய ஒரே பொய் நான்.

8

அண்ணன் இப்போது ஊரில். மீள்குடியேறிய சனத்துக்குப் பதிவு போட்டுத் திரிகிறார். புதுச் சைக்கிள்.

இன்று பின்னேரம் உறையை எடுத்துக்கொண்டு பேஸ்மென்ற்றுக்கு இறங்கினேன். கிருபா அப்போதுதான் வேலையால் வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தான். விஷயத்தைச் சொன்னதும் சோற்றில் வைத்த கை நின்றுவிட்டது.

"அண்ணை, உது தேவையோ? சிற்றிக்காரன் வந்து அடுப்பைக் கழட்டச் சொன்னா நாங்கள் பிள்ளையளோட எங்க போறது?"

இந்தக் கணக்கை நகரசபைக்கோ வேறு கந்தோருக்கோ பெயர் விவரத்தோடு கொடுக்க மாட்டார்கள், சட்டமே இருக்கிறது என்று சொன்னேன். அப்படித்தான் எல்லாரும் சொல்லுவார்கள் என்றான். உண்மையைச் சொன்னால் எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஆனாலும் நான் போன தடவை செய்ததைச் சொன்னேன், அபி கேட்டதைச் சொன்னேன். கிருபாவின் மூத்தவன், நான் ரீவி ஆக்கின குழந்தை, இப்போது ஐந்து வயது, எங்கள் இருவரின் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். கிருபாவின் மனைவிதான் எழும்பிப் போய் நாலு பேரின் பிறப்புப் பத்திரங்களையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். என்ர பிள்ளையள் இஞ்ச பிறந்ததுகள், எழுதுங்கோ அண்ணை என்றாள்.

அபிதான் கொம்பியூட்டரில் நிரப்பினாள். இப்போது பதினாலு வயது, அவள் தட்டும் வேகத்துக்கு என்னால் வாசிக்க முடியாது. பெயர்கள் ஏழும் ஏறின. வீட்டில் அதிகம் பேசும் மொழி என்ற இடத்தில் எல்லாருக்கும் தமிழ் என்று போடச் சொன்னேன். தன்னுடைய வரியில் நின்றாள்.

"அப்பா, சரியாப் போடுவமா?"

போடு என்றேன். ஆங்கிலம் என்று போட்டாள். எனக்கு நொந்தது, நன்றாகவே நொந்தது. ஆனால் அது உண்மை. பொய் எழுதாதே என்று என்னைத் திருத்தின பிள்ளையிடம் இதை மட்டும் பொய்யாக எழுது என்று எந்த முகத்தோடு கேட்பது? வீட்டில் பேசும் வேறு மொழி என்ற இடத்தில் தமிழ் என்று அவளாகவே போட்டாள். நான் கேட்கவில்லை.

அனுப்பி முடிந்ததும் ஊருக்கு எடுத்தேன். அங்கே விடிந்திருந்தது. மூன்று பேர் இல்லை, ஏழு பேர் எழுதினோம் என்று அண்ணனிடம் சொன்னேன். நல்ல வேலை என்றார். அவர் வாயால் நான் கேட்ட முதற் பாராட்டு. அந்தத் துணிவில், எட்டாவதாக உங்கட பேரையும் போட்டிருக்கலாம், இடம் இருந்தது என்றேன்.

"விசரே உனக்கு? இருக்கிற ஆக்களை மட்டும் எழுது."

"அப்ப அங்க என்ர பேரை வெட்டிப்போட்டியளோ?"

லைனில் ஒரு சேவல் கூவியது. சைக்கிள் ஸ்ராண்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"அது கிடக்கட்டும்" என்றார். பிறகு, இந்த முறை வெயில் கடுமை, குளம் வத்திப்போச்சு என்று கதையை மாற்றிவிட்டார்.